தட்டையான ஊரில் நின்று உருண்டைப் பூமியைப் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருவாரூர், மன்னார்குடி, கும்பகோணம் பக்கம் பள்ளிகளிலும் நூலகங்களிலும் சில வருடங்களாக வானம் பார்க்கும் நிகழ்ச்சிகள் நடத்திவருகிறேன். தொலைநோக்கியில் நிலாவைக் காட்ட வரிசையில் நிறுத்தினால், யாராவது ஒருவர் "பூமி தட்டைன்னு வாட்ஸ்அப்ல ஒரு வீடியோ வந்துச்சே, அது என்ன சார்?" என்று கேட்டுவிடுவார். கேட்பதில் தப்பே இல்லை. அறுவடை முடிந்த வயலில் நின்றால் கண்ணுக்கு எட்டிய வரை பலகை போலக் கிடக்கிற மண் நம்முடையது. மலை இல்லை, மேடு இல்லை. இந்த மண்ணில் பிறந்தவருக்கு அந்தச் சந்தேகம் வருவது இயல்பு.

விண்வெளியில் எடுத்த படத்தைக் காட்டி "நம்புங்கள்" என்று சொல்லி முடித்துவிடலாம். எனக்கு அதில் திருப்தி இல்லை. ஒரு குச்சி, ஒரு டேப், ஒரு ஜோடிக் கண் இருந்தால் நம் ஊரிலேயே பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். என்னிடம் வந்த கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

டெல்டா இவ்வளவு சமமாக இருக்கிறதே, வளைவு எங்கே?

காலடியிலேயே இருக்கிறது. ஆனால் மிக மெல்லிய வளைவு. பூமியின் சுற்றளவு சுமார் 40,000 கி.மீ. அவ்வளவு பெரிய உருண்டையில் நம் வயல் ஒரு பொட்டுகூட இல்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். 300 மீட்டர் நீளமுள்ள ஒரு பெரிய கோயில் குளம். இந்தக் கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நேர்கோடு இழுத்தால், நடுக்குளத்தில் தண்ணீர் அந்தக் கோட்டைவிட 2 மி.மீ. கூட உயர்ந்திருக்காது. எந்தக் கண்ணாலும் அதைப் பார்க்க முடியாது. இப்போது கல்லணையிலிருந்து பூம்புகாருக்குப் போவோம். நேர்தூரம் சுமார் 115 கி.மீ. இரண்டு ஊருக்கும் நடுவே மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரு நேரான குழாய் பதிப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். பாதி வழியில் அந்தக் குழாய் தரைக்குக் கீழே சுமார் 260 மீட்டர் ஆழத்தில் கிடக்கும். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு வைத்தால்தான் அந்த ஆழம் நிரம்பும்.

கொத்தனார் தூக்குக்குண்டு கட்டிச் சுவரின் நேர் பார்க்கிறார். கல்லணையில் ஒன்று, பூம்புகாரில் ஒன்று என்று இரண்டு தூக்குநூல் தொங்கவிட்டால் இரண்டும் இணையாக இருக்காது. ஒன்றுக்கொன்று சுமார் 1 பாகை சாய்ந்திருக்கும். இரண்டுமே பூமியின் நடுவைத்தான் காட்டுகின்றன.

அப்படியானால் காவேரி பாதி வழி மேடேறி ஓடுகிறதா?

இல்லை. "கீழே" என்பது பூமியின் நடுவை நோக்கிய திசை. கல்லணையைவிடப் பூம்புகார் பூமியின் நடுவுக்கு நெருங்கி இருக்கிறது. அதனால் வழி முழுவதும் தண்ணீருக்கு இறக்கம்தான். மட்டம் பார்த்து வாய்க்கால் வெட்டும் பொறியாளருக்கும் இது தெரியும். தூரத்துக் கோலை மட்டக்கருவியில் பார்த்தால், பூமியின் வளைவுக்காக 1 கி.மீ.க்கு சுமார் 8 செ.மீ. கழிக்க வேண்டும். 2 கி.மீ. என்றால் நான்கு மடங்கு. சர்வே பாடத்தில் இது சாதாரணக் கணக்கு.

தண்டவாளம் தூரத்தில் ஒன்றுசேர்வது போலத் தெரிகிறது. அதுபோலத்தான் கப்பலும் தூரத்தில் மறைகிறது என்கிறார்களே?

இந்த ஒரு கேள்வியில்தான் பாதிக் குழப்பம் இருக்கிறது. கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஓவியர்கள் பெர்ஸ்பெக்டிவ் என்பார்கள். நான் தூரத்தோற்றம் என்று சொல்கிறேன். ஒரு பொருள் விலக விலகக் கண்ணுக்குச் சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான். இரண்டு மடங்கு தூரம் போனால் பாதி அளவு. தண்டவாளத்தின் இரண்டு கம்பிக்கும் இடைவெளி எங்கும் ஒன்றுதான். தூரத்தில் அந்த இடைவெளி சுருங்கித் தெரிவதால் ஒரு புள்ளியில் சேர்வது போல இருக்கிறது. புது ஆற்றங்கரையில் நின்று இரண்டு பக்கத்து மர வரிசையைப் பார்த்தாலும் இதேதான்.

தூரத்தோற்றம் எதையும் பாதியாக வெட்டாது. வரப்பில் நடந்து போகும் ஒரு ஆளைப் பாருங்கள். அவர் முழு ஆளாகத்தான் சின்னதாகிக்கொண்டே போவார். தலை, இடுப்பு, கால் எல்லாம் ஒரே அளவில் சுருங்கும். முழங்கால் மட்டும் முதலில் காணாமல் போனால், "முன்னால் ஏதோ மேடு இருக்கிறது" என்றுதானே சொல்வோம்?

கடலில் அப்படி அடிப்பாகம் மட்டும் மறைகிறதா?

மறைகிறது. நாகூர்ப் பக்கம் கடலுக்குப் போகிறவர்களைக் கேளுங்கள். நாகூர் தர்காவின் பெரிய மினாரா 131 அடி உயரம், அதாவது 40 மீட்டர். படகில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேலே 2 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், கரையிலிருந்து 10 கி.மீ. போகும்போது அடியில் 2 மீட்டர் அளவு மறையும். அது யார் கண்ணிலும் படாது. 20 கி.மீ. போனதும் அடிப்பாகம் 17, 18 மீட்டர் மறைந்துவிடும். கரையோர வீடு, தோப்பு எல்லாம் காணாமல் போய் மினாராவின் மேல்பாதி மட்டும் தண்ணீரில் நட்டு வைத்தது போல நிற்கும். 27, 28 கி.மீ.க்கு மேல் உச்சியும் போய்விடும். காற்று ஒளியைக் கொஞ்சம் வளைப்பதால், நடப்பில் இந்தக் கணக்கைவிடச் சற்று அதிகத் தூரம் வரை தெரியும்.

கரையில் நிற்பவருக்கு இதன் மறுபக்கம். திரும்பி வரும் படகில் முதலில் கொடிக்கம்பு, அப்புறம் ஆட்கள், கடைசியில்தான் படகின் உடம்பு. கண் எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவுக்குத் தொடுவானம் விலகும். மணலில் நிற்பவருக்குச் சுமார் 4.5 கி.மீ., 40 மீட்டர் உயரத்தில் நிற்பவருக்கு 22 கி.மீ.க்கு மேல். பூமி தட்டையாக இருந்தால் மேலே ஏறி என்ன ஆதாயம்? மரம், வீடு எதுவும் குறுக்கே இல்லாத கடலுக்குக் கலங்கரை விளக்கத்தை இவ்வளவு உயரமாகக் கட்ட வேண்டிய அவசியமே இல்லை.

மறைந்த படகை ஜூம் கேமராவில் திரும்பக் கொண்டுவந்து காட்டுகிறார்களே?

அது இன்னும் தொடுவானத்தைத் தாண்டாத படகு. கண்ணுக்குச் சின்னதாகிப்போனதை லென்ஸ் பெரிதாக்குகிறது. தொடுவானத்துக்கு அப்பால் இறங்கிய படகை எந்த லென்ஸில் பார்த்தாலும் மேல்பாதி பெரிதாகத் தெரியுமே தவிர, கீழ்ப்பாதி வராது.

வேளாங்கண்ணி கடற்கரையில் நின்று பார்த்தால் தொடுவானம் நேர்கோடாகத்தானே இருக்கிறது?

ஆமாம், நேர்கோடுதான். அந்த உயரத்திலிருந்து இடவலமாக வளைவு தெரியாது. விமானத்தில் 10 கி.மீ. உயரத்தில்கூட அரைகுறையாகத்தான் தெரியும். அகல லென்ஸில் எடுத்த படத்தில் கடல் வில்லாக வளைந்திருந்தால் அது லென்ஸின் வேலை. அந்த மாதிரிப் படத்தை உருண்டைக்குச் சாட்சியாக யாரும் காட்ட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பலவீனமான சாட்சி நல்ல வழக்கையும் கெடுக்கும்.

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் நிழல் தரையில் விழாதாமே?

விழும். நானே மார்கழியில் அந்த நிழலில் உட்கார்ந்திருக்கிறேன்.

ராஜராஜன் 1010-ல் கட்டி முடித்த அந்த விமானம் சுமார் 216 அடி, 66 மீட்டர். தஞ்சாவூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 10.8 பாகையில் இருக்கிறது. டிசம்பர் 21 வாக்கில் சூரியன் 23.4 பாகை தெற்கே இருக்கும். இரண்டையும் கூட்டினால் 34.2. அதாவது அன்று உச்சிவேளையில்கூடச் சூரியன் நம் தலைக்கு நேரே வராமல் 34 பாகை தெற்கே தள்ளித்தான் நிற்கும். அப்போது உச்சியின் நிழல் விமானத்தின் மையத்திலிருந்து 45 மீட்டர் வடக்கே விழ வேண்டும். அடித்தளத்தின் பாதி அகலத்தைக் கழித்துவிட்டாலும், அது வடக்குப் பிராகாரத் தரையில்தான் கிடக்கும். காலையும் மாலையும் இன்னும் நீளும்.

பேச்சு எங்கிருந்து வந்தது என்றும் ஊகிக்கலாம். சித்திரையை ஒட்டிய நாட்களில் உச்சியில் சூரியன் கிட்டத்தட்ட தலைக்கு நேர் மேலே வரும். அடி அகன்று மேலே குறுகும் விமானம் என்பதால் நிழல் அதன் மேலேயே படிந்துவிடும். அந்த நேரத்தில் பார்த்த யாரோ சொன்னது வருடம் முழுவதற்கும் ஆகிவிட்டது. அந்தக் கோயிலைப் பெருமைப்படுத்த இந்தக் கதை தேவையே இல்லை. ஆயிரம் வருடத்துக்கு முன்னால் மலையே இல்லாத ஊருக்குக் கருங்கல் கொண்டுவந்து அவ்வளவு உயரம் அடுக்கினார்களே, அது போதாதா?

நிழலே இல்லாத நாள் உண்மையிலேயே உண்டா?

உண்டு, வருடத்துக்கு இரண்டு. தஞ்சாவூருக்கு ஏப்ரல் 18 வாக்கிலும் ஆகஸ்ட் 24 வாக்கிலும். நேராக நட்ட குச்சியின் நிழல் உச்சிவேளையில் அதன் காலடிக்குள் போய்விடும். நேரம் சரியாக 12 மணி அல்ல. நம் கைக்கடிகாரம் 82.5 பாகைத் தீர்க்கக்கோட்டின் நேரத்தைக் காட்டுகிறது, தஞ்சாவூரோ 79 பாகைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அதனால் ஏப்ரலில் 12:13 வாக்கில்தான் உச்சி. திருவிசநல்லூர் சிவயோகிநாதர் கோயிலில் அரைவட்டக் கல்லில் செய்த பழைய வெயில் கடிகாரம் இருக்கிறது. நிழலைப் பார்த்து நேரம் சொல்லும் எந்தக் கடிகாரத்துக்கும் கைக்கடிகாரத்துக்கும் இந்த வித்தியாசம் இருக்கும்.

இன்னொரு விஷயத்தைப் பலர் கவனிப்பதில்லை. இந்த இரண்டு நாளுக்கு நடுவே, ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடு வரை, நம் உச்சி நிழல் தெற்கே விழும். ஜூன் 21 அன்று 1 மீட்டர் குச்சிக்கு 22 செ.மீ. நிழல், தெற்கு நோக்கி. டெல்லியில் ஒருநாளும் இப்படி விழாது. அங்கே உச்சி நிழல் எப்போதும் வடக்கேதான்.

ஒரு குச்சியை வைத்துப் பூமியை எப்படி அளப்பது?

இரண்டு குச்சி வேண்டும், தெற்கு வடக்காக இரண்டு ஊரில். கி.மு. 240 வாக்கில் எகிப்தில் எரட்டோஸ்தனீஸ் என்ற கிரேக்க அறிஞர் செய்தது இதுதான். தெற்கே சையீன் ஊரில் (இன்றைய அஸ்வான்) கோடையில் ஒருநாள் உச்சியில் நிழல் இல்லை. அதே நாள் அலெக்ஸாண்ட்ரியாவில் வெயில் வட்டத்தில் 50-ல் ஒரு பங்கு, அதாவது 7.2 பாகை சாய்ந்து விழுந்தது. ஆக, இரண்டு ஊருக்கும் உள்ள தூரத்தைப் போல 50 மடங்கு பூமியின் சுற்றளவு. அவ்வளவுதான் கணக்கு.

நமக்கு அஸ்வான் தேவையில்லை. ஏப்ரல் 18 அன்று தஞ்சாவூரில் ஒருவர், சென்னையில் ஒருவர். ஆளுக்கு 1 மீட்டர் பிவிசி குழாய். தூக்குநூல் பிடித்து நேராக நிறுத்த வேண்டும். அவரவர் உச்சிவேளையில் நிழல் மிகக் குறுகும்போது அளக்க வேண்டும். தஞ்சையில் நிழல் இருக்காது. சென்னையில் சுமார் 4 செ.மீ. இருக்கும். அது 2.3 பாகை. வடக்கு நோக்கி மட்டும் அளந்தால் சென்னை நம்மைவிடச் சுமார் 255 கி.மீ. மேலே இருக்கிறது. (சாலைத் தூரத்தை எடுக்கக் கூடாது, விடை அதிகமாகிவிடும்.) 360-ஐ 2.3-ஆல் வகுத்து 255-ஆல் பெருக்கினால் 39,900 கி.மீ. வரும். நிழலை 2 மி.மீ. தப்பாக அளந்தாலே விடை இரண்டாயிரம் கி.மீ. இப்படியோ அப்படியோ போய்விடும். பரவாயில்லை. பிளாஸ்டிக் குழாயில் பூமியை அளந்து அவ்வளவு பக்கத்தில் வருவதே பெரிய விஷயம்.

காரைக்காலில் இருக்கும் நண்பரோடு சேர்ந்து செய்யாதீர்கள். தஞ்சையும் காரைக்காலும் கிட்டத்தட்ட ஒரே அட்சத்தில், அதாவது நிலநடுக்கோட்டிலிருந்து ஒரே அளவு வடக்கே இருக்கின்றன. வித்தியாசமே தெரியாது.

தட்டைப் பூமிக்கு மேலே பக்கத்தில் ஒரு சூரியன் தொங்கினாலும் இதே நிழல்தானே வரும்?

நல்ல கேள்வி. மன்னார்குடிப் பக்கம் ஒரு பத்தாம் வகுப்புப் பெண் இதைக் கேட்டபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அவர் சொன்னது உண்மை. இரண்டு குச்சி மட்டும் இருந்தால் இரண்டு விதமாகவும் சொல்லலாம். தெருவிளக்கின் நேர் கீழே நட்ட குச்சிக்கு நிழல் இல்லை. பத்தடி தள்ளி நட்டால் நிழல் உண்டு. தரையும் தட்டைதான்.

மூன்றாவது, நான்காவது குச்சி வந்தால்தான் வழக்கு தீரும். அதே ஏப்ரல் 18. தட்டைப் பூமி என்றே எடுத்துக்கொள்வோம். தஞ்சைக்கு நேர் மேலே சூரியன். ஒவ்வொரு ஊரின் உச்சி நிழலையும், தஞ்சையிலிருந்து அது எவ்வளவு வடக்கே என்பதையும் வைத்துச் சூரியனின் உயரத்தைக் கணக்கிடலாம். சென்னை நிழலின்படி சூரியன் சுமார் 6,360 கி.மீ. உயரத்தில் இருக்க வேண்டும். டெல்லியில் அன்று சாய்வு 17.8 பாகை. அதன்படி 6,160. லண்டனில் 40.7 பாகை. அதன்படி 5,260. ஒரே நாள், ஒரே சூரியன், மூன்று உயரம். வடக்கே போகப் போகச் சூரியன் கீழே இறங்கிக்கொண்டே வர வேண்டியிருக்கிறது.

உருண்டை என்று எடுத்துக்கொண்டால் மூன்று ஊரும் ஒரே விடையைத் தருகின்றன. சூரியன் வெகு தூரம், கதிர்கள் இணை, சுற்றளவு சுமார் 40,000. எந்த ஊரைப் புதிதாகச் சேர்த்தாலும் அதே விடைதான். அந்தப் பெண்ணை இந்தக் கணக்கைக் கரும்பலகையில் போடச் சொன்னேன். டெல்லி வரை போட்டுவிட்டு, "அப்ப சூரியன் ரெண்டு எடத்துல இருக்கணுமே" என்று சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

மேக இடுக்கிலிருந்து வெயில் விசிறி போல விரிகிறதே, கதிர்கள் இணை என்றால் அது எப்படி?

மறுபடியும் தண்டவாளம்தான். அந்தக் கதிர்கள் தூரத்து மேகத்திலிருந்து நம்மை நோக்கி வருகின்றன. தூரத்தில் நெருங்கியும் பக்கத்தில் விலகியும் தெரிகின்றன. மாலையில் மேற்கே விசிறி தெரியும்போது, சட்டென்று திரும்பிக் கிழக்கே பாருங்கள். காற்றில் கொஞ்சம் ஈரமும் தூசும் இருந்தால், அதே கதிர்கள் தலைக்கு மேலே கடந்து கிழக்கில் மறுபடி ஒரு புள்ளியில் குவிவது மங்கலாகத் தெரியும். பக்கத்துச் சூரியனிலிருந்து விரியும் கதிர் எதிர்ப்பக்கம் போய்க் குவியுமா?

டேப் வைத்தும் பார்க்கலாம். பந்தல் போட நட்ட மூங்கில் கால்கள் இரண்டின் நிழலை வெயிலில் அளங்கள். காலடியில் இடைவெளி எவ்வளவோ, நிழலின் நுனியிலும் அவ்வளவே இருக்கும். இரவில் தெருவிளக்கு வெளிச்சத்தில் அதே கால்களை அளந்தால் நுனியில் இடைவெளி கூடியிருக்கும். பௌர்ணமி நிலவில் அளந்தால் மறுபடி சமம்.

சூரியன் அஸ்தமிப்பதும் தூரத்தோற்றம்தான், வெகுதூரம் போவதால் இறங்குவது போலத் தெரிகிறது என்கிறார்களே?

அப்படியானால் போகப் போகச் சின்னதாக வேண்டும். 6,000 கி.மீ. உயரத்தில் தொங்கும் சூரியன் தொடுவானத்திலிருந்து 20 பாகை உயரத்துக்கு வரும்போது, உச்சியில் இருந்ததைவிட மூன்று மடங்கு தூரத்தில் இருக்கும். அளவு மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருக்க வேண்டும்.

சூரியனை நேராகப் பார்க்கவே கூடாது. அதற்குக் கீற்றுக் கொட்டகை இருக்கிறது. கூரை ஓட்டை வழியாக உள்ளே விழும் வெளிச்சப் பொட்டுகளைச் சின்ன வயதில் கையில் பிடித்து விளையாடியிருப்பீர்கள். ஓட்டை கோணல்மாணலாக இருந்தாலும் பொட்டு மட்டும் வட்டமாக இருக்கும். ஏனென்றால் அது ஓட்டையின் உருவம் அல்ல, சூரியனின் உருவம். 2019 டிசம்பர் 26 அன்று திருச்சி வழியாகப் போன வளைய கிரகணத்தில், மரத்தடி முழுக்கப் பொட்டுகள் பிறையாகவும் வளையமாகவும் மாறிக் கிடந்தன.

ஓட்டையிலிருந்து 2 மீட்டர் தள்ளி, வெயில் வரும் திசைக்கு நேராக ஒரு வெள்ளைக் காகிதத்தைப் பிடித்துப் பொட்டை அளங்கள். ஓட்டை சின்னதாக இருக்கட்டும். 19 மி.மீ. வாக்கில் இருக்கும். காலை எட்டு மணிக்கும் அதே 19, உச்சியிலும் அதே 19, மாலை ஐந்து மணிக்கும் அதே 19. வெயில் மங்கும், சிவக்கும். அளவு மாறாது. அடிவானத்தில் பெரிதாகத் தெரிவது கண் செய்யும் மயக்கம். பொட்டு அதற்கு மயங்காது.

துரும்பை மடித்து நாழிகை சொல்வார்கள் என்று தாத்தா சொல்வார். அதற்கும் இதற்கும் தொடர்பு உண்டா?

நிறையவே உண்டு. பதினாறு விரற்கடை நீளத் துரும்பை எடுத்து ஓரிடத்தில் மடிக்க வேண்டும். ஒரு பகுதி செங்குத்தாக நிற்கும், மறு பகுதி தரையில் கிடக்கும். நிற்கும் பகுதியின் நிழல், கிடக்கும் பகுதியின் நுனியைச் சரியாகத் தொடும்படி மடிப்பை மாற்றிக்கொண்டே வர வேண்டும். அப்போது நிற்பது எத்தனை விரலோ அத்தனை நாழிகை (ஒரு நாழிகை 24 நிமிடம்). முற்பகல் என்றால் விடிந்து ஆனது. பிற்பகல் என்றால் பொழுது சாய மிச்சம் இருப்பது.

சித்திரையில் காலை ஒன்பது மணிக்குச் செய்தால் எட்டு விரல் நிற்கும். உண்மையில் ஆனது ஏழரை நாழிகை. வயலில் நிற்பவருக்கு இது போதும். ஆனால் மார்கழி உச்சியில் செய்தால் ஒன்பதரை விரல்தான் வரும், பதினாலு பதினைந்து வர வேண்டிய இடத்தில். சூரியன் தெற்கே சாய்ந்துவிட்டதால் இந்தக் குறை. லண்டனுக்கு அதே துரும்பை எடுத்துப்போய் டிசம்பர் உச்சியில் மடித்தால் மூன்றரை விரலுக்குக்கூட வராது. துரும்பில் கோளாறு இல்லை. அது நம் அட்சத்துக்காக நம் ஊர்க்காரர்கள் கண்டுபிடித்த கடிகாரம். பூமி வளைந்திருப்பதால் வேறு அட்சத்தில் பொய் சொல்கிறது.

சந்திர கிரகணத்தில் பூமியின் நிழல் தெரியுமாமே?

தெரியும். 2025 செப்டம்பர் 7 இரவு பத்து மணிக்குச் சற்று முன்னால் நிலாவின் ஓரத்தில் கறை ஏறத் தொடங்கியது. பதினொன்றுக்கு முழுக்கச் செம்பு நிறம். அந்தக் கறையின் விளிம்பைத்தான் கவனிக்க வேண்டும். அது எப்போதும் வில்லாக வளைந்திருக்கும். அந்த வில்லை முழு வட்டமாக வரைந்து பார்த்தால் நிலாவைப் போல இரண்டரை மடங்குக்குச் சற்று மேல் வரும். நிலா ஒரு ரூபாய் நாணயம் என்றால், பூமியின் நிழல் ஒரு சின்ன டம்ளரின் வாய்.

"தட்டுக்கும் வட்ட நிழல்தானே?" என்று உடனே கேட்பார்கள். ஒரு எவர்சில்வர் தட்டையும் ஒரு எலுமிச்சம்பழத்தையும் டார்ச் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். தட்டைச் சாய்த்தால் நிழல் நீள்வட்டமாகும், பக்கவாட்டில் பிடித்தால் வெறும் கோடாகும். பழத்தை எப்படித் திருப்பினாலும் வட்டம். கிரகணம் நள்ளிரவிலும் வருகிறது, நிலா உதிக்கும்போதும் வருகிறது, விடியற்காலையிலும் வருகிறது. ஒவ்வொரு முறையும் வேறு பக்கத்திலிருந்து வெளிச்சம். நிழல் மட்டும் மாறாத வட்டம். 499-ல் ஆரியபட்டர், சந்திரனை மறைப்பது பூமியின் நிழல் என்றும் பூமி உருண்டை என்றும் எழுதிவிட்டார்.

அகத்தியர் தெற்கே வந்து பூமியைச் சமன் செய்த கதை?

கயிலையில் திருமணம் பார்க்க எல்லோரும் கூடியதால் வடக்கு தாழ்ந்தது, தெற்கு உயர்ந்தது, அகத்தியர் இங்கே வந்து சமன் செய்தார் என்பது கதை. வேதாரண்யத்துக்குப் பக்கத்தில் அகத்தியன்பள்ளி என்று ஊரே இருக்கிறது. எனக்கு இந்தக் கதை பிடிக்கும். காரணம், அகத்தியர் பெயரில் ஒரு விண்மீனும் இருக்கிறது. மாசி மாத இரவில் எட்டு ஒன்பது மணிக்குத் தெற்கே பார்த்தால் பளிச்சென்று நிற்கும். தஞ்சையில் அது 26 பாகை வரை ஏறும். டெல்லியில் 9 பாகைக்கும் குறைவு. 37 பாகை அட்சத்துக்கு மேலே வடக்கே போய்விட்டால் தலையே காட்டாது. துருவ நட்சத்திரம் நேர்மாறு. நமக்கு 11 பாகையில், கையை நீட்டி முட்டியை மடக்கினால் அந்த ஒரு முட்டி உயரத்தில் மங்கலாக இருக்கும். ஸ்ரீநகரில் மூன்று முட்டிக்கு மேல். தெற்கே போனால் வடக்கு வானம் இறங்கித் தெற்கு வானம் ஏறுகிறது. வளைந்த தரையில் நடந்தால்தான் இப்படி நடக்கும்.

டெல்டாவில் யாராவது பூமியை முறைப்படி அளந்திருக்கிறார்களா?

அளந்திருக்கிறார்கள், அதுவும் பெரிய கோயில் மேலேறி. 1802-ல் சென்னையில் அடிக்கோடு அளந்து ஆங்கிலேய சர்வே அதிகாரி வில்லியம் லாம்டன் தொடங்கிய முக்கோண அளவை 1808-ல் தஞ்சாவூருக்கு வந்தது. மற்ற இடங்களில் குன்றின்மேல் கருவியை வைத்து அடுத்த குன்றைப் பார்ப்பார்கள். இங்கே குன்று கிடையாது, தென்னையும் பனையும்தான். தரையில் நின்றால் மரம் மறைக்கும். மரத்தைத் தாண்டினாலும் வளைவு மறைக்கும். அதனால் கோபுரங்களை நம்பினார்கள்.

அரை டன் எடையுள்ள தியோடலைட்டை, அதாவது கோணம் அளக்கும் கருவியை, கயிறு கட்டிப் பெரிய கோயில் விமானத்தில் ஏற்றினார்கள். கயிறு அறுந்து கருவி விமானத்தில் மோதிச் சிதைந்தது. லாம்டன் அதைத் திருச்சிக்குக் கொண்டுபோய் வாரக்கணக்கில் உட்கார்ந்து, கருவியின் வளைந்துபோன கோண வட்டத்தை மறுபடி சரியாக்கினார். அதே கருவியோடு வேலை தொடர்ந்தது. பூமி துருவத்தில் சற்று அமுங்கிய உருண்டை என்பதற்கு அந்தத் தெற்கு வடக்கு அளவை நல்ல ஆதாரம் தந்தது. இன்றைய கணக்குப்படி நடுக்கோட்டில் ஆரம் 6,378 கி.மீ., துருவத்தில் 6,357.

ஏப்ரல் 18 அன்று மேகமாக இருந்தால் என்ன செய்வது?

ஒரு நாள் முன்னே பின்னே செய்யலாம். சூரியன் ஒரு நாளைக்குச் சுமார் மூன்றில் ஒரு பாகைதான் நகரும். 1 மீட்டர் குச்சிக்கு 6 மி.மீ. நிழல் வரும், அதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். கோடியக்கரைக்காரர்கள் ஓரிரு நாள் முன்னதாகவும், மயிலாடுதுறைக்காரர்கள் ஒரு நாள் பின்னதாகவும் வைத்துக்கொள்ளலாம். அதுவும் தவறினால் ஆவணி எட்டு, ஒன்பது தேதி இருக்கிறது. அப்போது உச்சி 12:16 வாக்கில். குச்சியை 12 மணிக்கே நட்டு, இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வைத்துக்கொண்டே வாருங்கள். தரை மட்டமாக இருக்க வேண்டும், அதற்கு நெல் காயப்போடும் சிமெண்டுக் களம் நல்லது.